அப்பாவோட 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கிக்கு வேற ஸ்டாக் (தோள்ல வெக்கிற பின் கட்டை) போடலாமா?

கொளத்தூர்_காரன்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட மாஸ்பெர்க் 500, அவர் போனப்புறம் லைசன்ஸ் என் பேருக்கு மாறி இப்ப எங்கிட்டதான் இருக்கு, கம்பெனில வந்த அதே மர ஸ்டாக். அப்பா ஆறடி ஆளு, நான் 5 அடி 4 அங்குலம். தோள்ல ஏத்துனா கழுத்தை நீட்டித்தான் குழல் முனைல குறி பாக்க வெச்சிருக்குற மணியைப் பாக்க வேண்டியிருக்கு, பம்ப்பை (அடுத்த தோட்டா ஏத்த முன்னும் பின்னும் இழுக்குற பிடி) முழுசா முன்னாடி தள்ள இடது கை எட்டவே மாட்டேங்குது, சுட்டா உதை தோள் குழில விழாம புஜத்துல விழுது, மறுநாள் அப்படியே கன்னிப்போய் நீலமா நிக்குது. வீடியோல எல்லாம் மேக்பூல் கம்பெனியோட எஸ்ஜிஏ பிளாஸ்டிக் ஸ்டாக் போடு, பிஸ்டல் க்ரிப் போடு, மடக்குற ஸ்டாக் போடுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எது நல்லது? அமெரிக்கால இருக்குற மச்சான் அடுத்த மாசம் வர்றாரு, அவர்கிட்டயே வாங்கிட்டு வரச் சொல்லலாம்னு இருக்கேன்.

பழைய_ரேஞ்ச்_ஆளு:
தம்பி, மொதல்ல மச்சானுக்கு ஃபோன் போட்டு வேணாம்னு சொல்லிடு. 1959 ஆயுதச் சட்டத்துல ஆயுதம்னா அதோட பாகங்களும் சேத்திதான், லைசன்ஸ் இல்லாம வெளிநாட்டுல இருந்து கொண்டு வரக்கூடாதுன்னு 10வது பிரிவு சொல்லுது. வெறும் பிளாஸ்டிக் கட்டைதானேன்னு நீ நெனைப்ப, மீனம்பாக்கத்துல பெட்டியைத் திறக்குற கஸ்டம்ஸ் ஆபீசர் அப்படி நெனைக்கணுமே. குடும்பத்தோட வர்ற மனுஷனை அந்த கவுண்டர்ல நிக்க வெக்காதே. வேணும்னா லைசன்ஸ் உள்ள டீலர் மூலமா கேளு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். உன் பிரச்சனை மாடல் இல்ல, நீளம். ட்ரிக்கரோட முன்பக்கத்துல இருந்து பட்டோட (ஸ்டாக்ல தோள்ல படுற முனை) பின்பக்க நடு வரைக்கும் டேப் வெச்சுப் பாரு, 500ல சாதாரணமா 14 அங்குலத்துக்கு கொஞ்சம் கம்மியா வரும். உன் உயரத்துக்கு 13 கிட்ட இருந்தா போதும், மாஸ்பெர்க்கே குள்ளமானவங்களுக்குன்னு 13 அங்குலத்துல பேண்டம்னு ஒரு மாடல் போடுறான். முழங்கையை மடக்கி அளக்குறதை மட்டும் நம்பாதே. எப்பவும் போடுற சட்டையோட துப்பாக்கியை ஏத்தி, கன்னத்தை கட்டைல சாச்சுக்கோ, க்ரிப்பைப் பிடிச்ச கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையணும். மூக்கு இடிச்சா சின்னது, நாலு விரல் போனா பெருசு. இதை வேற ஒரு ஆளு பக்கத்துல நின்னு பாத்தாத்தான் சரியா தெரியும்.

நான் உன் இடத்துல இருந்தா அந்த மரத்தையே வெச்சுப்பேன். லைசன்ஸ் உள்ள கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) கிட்ட குடுத்து பின்னாடி வெட்டி, உதையைத் தாங்குற நல்ல ரப்பர் ரீகாயில் பேடு போடச் சொல்லு. ஒண்ணை மறந்துடாதே, பேடோட கனமும் நீளத்துல சேரும். 13 வேணும், பேடு 1 அங்குலம்னா மரம் 12ல முடியணும். வெட்டுற கோணம் மாறுச்சுன்னா துப்பாக்கி மேலயோ கீழயோ பாக்கும், அதனால வீட்டுல ரம்பம் எடுக்குற வேலை வேண்டவே வேண்டாம்.

அம்பத்தூர்_ஜி:
அண்ணா சொன்னது கரெக்ட். பிஸ்டல் க்ரிப் பத்தி மட்டும் நான் சொல்றேன். மாஸ்பெர்க்ல சேஃப்டி (தவறி வெடிக்காம இருக்க போடுற பூட்டு) ரிசீவர் மேல, அதாவது துப்பாக்கியோட நடு உடம்பு மேல, பின்பக்கம் இருக்கு, கட்டைவிரலால தள்ளுறது. செங்குத்தா இருக்குற க்ரிப் போட்டா கட்டைவிரல் அங்க போகாது, பிடியை விட்டுட்டு கையை மேல கொண்டு போகணும். ரெமிங்டன் 870னு இன்னொரு பம்ப் துப்பாக்கில சேஃப்டி ட்ரிக்கருக்குப் பின்னாடி பட்டன் மாதிரி இருக்கறதால அவங்களுக்கு இந்த தொல்லை இல்ல, வீடியோக்காரன் கைல எந்த துப்பாக்கின்னு பாக்காம நாம பாத்து ஏமாந்துடுவோம். எஸ்ஜிஏல க்ரிப் அவ்ளோ செங்குத்து இல்ல, ஸ்பேசர் (நடுவுல சொருகுற துண்டு) போட்டு எடுத்து 12.5ல இருந்து 14.5 அங்குலம் வரைக்கும் மாத்திக்கலாம், அது நல்ல சாமான்தான், டீலர் கிட்ட முறையா கெடைச்சா தாராளமா போடு. பட்டே இல்லாத வெறும் க்ரிப் மட்டும் வேணாம் ப்ரோ, மொத்த உதையும் மணிக்கட்டுக்குத்தான் போகும், குறியும் பாக்க முடியாது. மடக்குறது நம்ம தேவைக்கு எதுக்கு?

இன்னொண்ணு, துப்பாக்கி எடை கொறைஞ்சா அதே தோட்டா இன்னும் பலமா உதைக்கும். இருக்கறதை விட லேசான ஸ்டாக்கா பாத்துப் போட்டுட்டு வலி போகலன்னு சொல்லக்கூடாது. தோட்டாவையும் லேசானதா மாத்திப் பாருங்க.

கொளத்தூர்_காரன்:
ரொம்ப நன்றி ண்ணா, மச்சானுக்கு இப்பவே சொல்லிட்டேன். அளந்தேன், 14க்கு நூல் அளவு கம்மி, நீங்க சொன்ன மாதிரியே. அப்பா கை பட்ட மரத்தை வெட்டவே மனசு வரல, அதான் தயக்கம். சரி பண்ணிட்டா ட்ராப் போட்டில (பறக்குற களிமண் தட்டைச் சுடுறது) கலந்துக்கலாமா? நம்ம புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்ஸ் போனதுல இருந்து அந்த ஆசை.

பழைய_ரேஞ்ச்_ஆளு:
ஆசை நல்ல ஆசை, ஆனா ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனம்) விதில பம்ப் ஆக்‌ஷனுக்கு அனுமதி இல்லப்பா. அங்க பெரும்பாலும் மேல கீழ ரெட்டைக் குழல்தான், தோட்டாவும் 24 கிராம் ஈயத்துக்கு மேல போகக்கூடாது. சுடக் கத்துக்க க்ளப்ல சேரு, அங்க அவங்க துப்பாக்கிலயே பழகலாமான்னு கேளு.

மரத்தை வெட்ட மனசில்லன்னா வெட்டவே வேணாம். டீலர் மூலமா பேண்டம் அளவு ஸ்டாக் தனியா வாங்கி மாட்டிக்கோ, அப்பாவோடதை எண்ணெய் தடவி பத்திரமா வெச்சுக்கோ. நம்ம ஊர் உப்புக் காத்துல பிளாஸ்டிக் கவர்ல மட்டும் சுத்தி வெக்காதே, உள்ள வேர்த்து பூஞ்சை புடிச்சிடும், காட்டன் துணி போதும்.

எதை மாட்டுறதுக்கு முன்னாடியும் வேப்பேரி கமிஷனர் ஆபீஸ்ல ஆயுத லைசன்ஸ் பாக்குற பிரிவுல ஒரு வார்த்தை கேட்டுடு, முடிஞ்சா எழுத்துல வாங்கு. குழலை மட்டும் தொடவே தொடாதே, அதைக் குட்டையாக்குறதுக்கு 6வது பிரிவுல தனி லைசன்ஸே வேணும். கடைக்கு எடுத்துட்டுப் போறப்ப லைசன்ஸ் புக் கைல இருக்கணும், மேகசின் ட்யூப்லயும் (தோட்டா அடுக்குற குழாய்) சேம்பர்லயும் (சுடுறதுக்கு தோட்டா உக்கார்ற இடம்) தோட்டா இல்லன்னு கண்ணால பாத்துட்டு சேம்பருக்குள்ள விரலை விட்டும் தடவிப் பாத்துட்டு அப்புறமா உறைல போடு.