பழைய பெட்டி ரீவில கேம் மெஷின், கலர் வருதில்லை, தெரிஞ்ச ஆக்கள் உதவுங்கோ

வணக்கம் எல்லாருக்கும், நான் பரந்தனில இருந்து எழுதுறன். தம்பிக்கெண்டு ராஸ்பெரி பை 4 எண்ட சின்னக் கொம்பியூட்டரில ரெட்ரோபை (பழைய கேமுகள் ஓட்டுற சொஃப்ற்வெயார்) போட்டு கேம் மெஷின் ஒண்டு செய்யிறன், பெட்டியும் நானே பலகை அறுத்து பட்டனுகளுக்கு 28 மில்லிமீற்றரில ஓட்டை போட்டாச்சு. ரீவி அம்மம்மா வீட்டு 21 இஞ்சி பெட்டி ரீவி, எச்டிஎம்ஐ இல்லை. புது ரீவில அந்தக் காலத்துக் கேமுகள் கட்டம் கட்டமா வெட்டித் தெரியுது, இதிலதான் வடிவு, அதால இதை விட மனமில்லை.

பை 4 இல ஏவி அவுட் (பழைய ரீவிக்குப் படம் அனுப்பிற வழி) முதல்ல ஓஃபிலதான் இருக்கும், கொன்ஃபிக் ஃபைலில ரீவி அவுட்டை 1 ஆக்கினாப்பிறகு படம் வந்திட்டுது, ஆனா கறுப்பு வெள்ளை. எங்கட ரீவி பால் (PAL) எண்ட கலர் முறை எண்டு அதே ஃபைலில எஸ்டிரீவி மோடை 2 ஆக்கியும் மாறேல்லை. கேபிள் பழைய வீடியோ கமராவின்ர, மஞ்சளைக் குத்தினா ஒண்டும் வராது, சிவப்பு வயரை மஞ்சள் ஓட்டையில குத்தினாத்தான் படம் வருது (வயர் ஒழுங்கு மாறின கேபிள் எண்டு விளங்குது).

கலர் போறது கேபிளாலயா செற்றிங்காலயா? மூலையில மின்னல் அடையாளமும் (கரண்ட் காணாதெண்டு காட்டுறது) வந்து வந்து போகுது, போன் சார்ஜரிலதான் ஓடுது, 5 வோல்ட் 3 அம்பியர் சார்ஜர் கட்டாயம் வேணுமோ? கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் சரியான ஏவி கேபிள் எங்க எடுக்கலாம் எண்டும் சொல்லுங்கோ, தம்பி ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தால வந்து முதல்ல அந்தப் பெட்டியைத்தான் தொட்டுப் பாக்கிறான்.