எல்லா ரிக்வெஸ்டிலும் சொந்த ஹெடர் சேர்க்கலாமா?

கடலோடி:
எங்கள் இணையச் செயலியைப் பல நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. எந்த நிறுவனத்தின் தரவு வேண்டும் என்பதைச் சர்வருக்குத் தெரிவிக்க, ஆக்சியோஸ் (ரிக்வெஸ்ட் அனுப்பும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) இன்டர்செப்டரில், அதாவது ரிக்வெஸ்ட் புறப்படுமுன் அதைத் திருத்தும் இடத்தில், ஒரு வரி எழுதி, புறப்படும் ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் ‘எக்ஸ்-டெனன்ட்-ஐடி’ (டெனன்ட் என்பது வாடிக்கையாளர் நிறுவனம்) என்ற ஹெடரை, அதாவது ரிக்வெஸ்டுடன் போகும் கூடுதல் தகவல் வரியை, சேர்த்துவிடுவதே நல்லது என்கிறேன். யூஆர்எல்லைத் தொட வேண்டாம். பக்கம் பக்கமாகக் கோடைத் திருத்தவும் வேண்டாம்.

பனைமரம்:
இதை நான் ஏற்கவில்லை. ஏபிஐ (செயலி தரவு கேட்கும் சர்வர் முகப்பு) வேறு டொமைனில் இருக்குமானால், சொந்த ஹெடர் ஒன்று சேர்ந்ததுமே தரவை வாசிக்க மட்டும் கேட்கும் சாதாரண கெட் ரிக்வெஸ்டுக்குக்கூட பிரவுசர் முதலில் ஆப்ஷன்ஸ் என்ற முன்-ரிக்வெஸ்டை அனுப்பிச் சர்வரிடம் அனுமதி கேட்கும்; இதுதான் ப்ரீஃப்ளைட். அந்த ஹெடரின் பெயர் சர்வரின் அனுமதிப் பட்டியலில் இருந்தால்தான் உண்மையான ரிக்வெஸ்ட் கிளம்பும். அனுமதியைக் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைக்கலாம் என்றாலும், குரோம் 7200 விநாடிகளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. அதுவும் யூஆர்எல் வாரியாகத்தான் என்பதால், நூறு ஆர்டர்களைத் தனித்தனி யூஆர்எல்லில் திறந்தால் நூறு முறையும் கேட்டாக வேண்டும்.

கடலோடி:
நாங்கள் ஆத்தரைசேஷன் ஹெடரில் டோக்கன் (பயனர் யார் என்பதற்கான சான்று) அனுப்புகிறோம். அதற்காகவே ப்ரீஃப்ளைட் ஏற்கெனவே நடக்கிறது. இரண்டாவது ஹெடரால் ஒரு ரிக்வெஸ்ட்கூட அதிகமாகாதே?

பனைமரம்:
உங்கள் அமைப்பைப் பொறுத்தவரை அது சரிதான்; அந்த வாதத்தை விட்டுவிடுகிறேன். எனக்கு உண்மையில் அச்சம் தருவது கேஷ். ஒரே யூஆர்எல்லுக்கு இரண்டு நிறுவனங்களுக்கு இரண்டு பதில் என்றால், இடையில் உள்ள சிடிஎன் (பதில்களைச் சேமித்துப் பயனருக்கு அருகிலிருந்து தரும் சர்வர் வலை) அந்த வேறுபாட்டை எப்படி அறியும்? டோக்கன் உள்ள ரிக்வெஸ்டின் பதிலைப் பொதுக் கேஷ் சாதாரணமாகச் சேமிக்காது என்பது உண்மை. ஆனால் வேகத்துக்காக யாரோ ஒருவர் விலைப்பட்டியலுக்குக் ‘கேஷ்-கன்ட்ரோல்: பப்ளிக்’ (பொதுக் கேஷிலும் சேமிக்கலாம்) என்று எழுதிவிட்டால், ஒரு நிறுவனத்தின் விலை இன்னொரு நிறுவனத்தின் திரையில் போய் நிற்கும். எந்த ஹெடரைப் பொறுத்துப் பதில் மாறும் என்று கேஷுக்குச் சொல்லும் வேரி ஹெடர் கொடுத்தால் தீரும் என்பீர்கள். அதை எல்லா சிடிஎன்களும் முழுமையாக மதிப்பதில்லை. எதைக் கேட்கிறோம் என்பது யூஆர்எல்லிலேயே இருக்க வேண்டும்.

தறி:
சர்வர் பக்கம் வேலை செய்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். ஹெடர் பெயரில் அடிக்கோடு (_) இருந்தால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் இயல்பு அமைப்பில் அதைச் சத்தமின்றி உதறிவிடும். பிரவுசரில் பார்த்தால் ஹெடர் போயிருக்கும், செயலிக்கு வந்து சேர்ந்திருக்காது. ‘எக்ஸ்-’ முன்னொட்டைப் புதிய பெயர்களுக்கு வைக்க வேண்டாம் என்று ஆர்எஃப்சி 6648 என்ற இணையத் தர ஆவணம் வழியாக 2012-லேயே சொல்லிவிட்டார்கள். இவற்றைவிட முக்கியமானது, ஹெடரில் வரும் நிறுவன எண்ணை யார் வேண்டுமானாலும் மாற்றி அனுப்ப முடியும் என்பது. டோக்கனுக்கு உரியவர் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்தானா என்று சர்வர் ஒவ்வொரு முறையும் சரிபார்க்காவிட்டால், யூஆர்எல்லில் வைத்தாலும் ஹெடரில் வைத்தாலும் ஓட்டை ஓட்டைதான்.

பனைமரம்:
இன்டர்செப்டரையும் கவனியுங்கள். பொது ஆக்சியோஸில் அதை மாட்டினால், வெளியார் வரைபடச் சேவைக்குப் போகும் ரிக்வெஸ்டிலும் உங்கள் ஹெடர் ஒட்டிக்கொள்ளும். அவர்களுடைய அனுமதிப் பட்டியலில் அது இல்லாததால் பிரவுசர் அந்த ரிக்வெஸ்டையே தடுத்துவிடும்.

கடலோடி:
அதை ஏற்கிறேன், எங்கள் ஏபிஐக்கு மட்டும் ஆக்சியோஸின் தனி இன்ஸ்டன்ஸ் (தனிப் பிரதி) அமைத்து, அதில் மட்டும் மாட்டுகிறேன். டெனன்ட் சார்ந்த பதில்கள் அனைத்துக்கும் ‘நோ-ஸ்டோர்’ (எங்கும் சேமிக்காதே) என்பதைச் சர்வரின் ஒரே இடத்தில் கட்டாயமாக்குகிறேன். ஆனாலும் பழைய யூஆர்எல்களை நம்பி வாடிக்கையாளர்கள் எழுதிய இணைப்புகள் ஓடிக்கொண்டிருக்கும்போது யூஆர்எல் பாதையை மாற்ற எனக்கு மனமில்லை.

பனைமரம்:
பழையவை அப்படியே இருக்கட்டும். புதிதாக எழுதும் ஏபிஐகளிலாவது நிறுவன எண்ணைப் பாதையில் வையுங்கள்.