ஒரே சமையல், நாலு பேருக்கும் பிடிக்கணும். முடியுமா?

கேள்வி: வேலை முடிந்து வந்தால் சமைக்க அரை மணி நேரம்தான். சின்னவன் காரம் தொடமாட்டான், பெரியவளுக்குக் காய் என்றாலே முகம் சுளிப்பு, மாமனாருக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்றாகச் செய்து அலுத்துவிட்டது.

பதில்: அதை முதலில் நிறுத்துங்கள். பருப்பும் காயும் ஒரே குக்கரில் வேகட்டும், உப்பு காரம் போடும் முன்னாலேயே சின்னவனுக்கும் மாமனாருக்கும் எடுத்து வைத்துவிட்டு மீதியில் வேண்டியதைச் சேருங்கள். இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால் உப்பு குறைந்தது அவ்வளவாகத் தெரியாது, பருப்பிலுள்ள இரும்புச்சத்தும் உடம்பில் நன்றாகச் சேரும்.

பதில்: வெறுமனே வேகவைத்த காயை யார்தான் சாப்பிடுவார்கள்! கேரட், காலிஃபிளவரை எண்ணெயில் புரட்டி ஓவனில் 200 டிகிரியில் 25 நிமிடம் வையுங்கள், ஓரமெல்லாம் பழுப்பேறி இனிப்பாக வரும். நெருக்கி அடுக்கினால் ஆவியில் வெந்து சொதசொதவென்று ஆகிவிடும். என் மகள் தட்டுக்கு வரும் முன்னாலேயே பாதியைக் காலி செய்துவிடுகிறாள்.

பதில்: ராஜ்மா செய்தால் இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க விடுங்கள். அரைவேக்காடு வயிற்றைக் கெடுக்கும்.

கேட்டவர்: சரி, எடுத்து வைக்கிற யோசனையை இன்றே பார்க்கிறேன். ஓவன் இல்லை, கடாயில் வருமா?

பதில்: வரும். மூடி போடாதீர்கள், சும்மா சும்மா கிளறவும் வேண்டாம்.