மேஷ் டிவிடி: சிரிப்பொலியோடு பார்ப்பதா, அணைத்துவிட்டுப் பார்ப்பதா?

வட்டுப்பெட்டி:
ஒருவழியாக மேஷ் முழுத் தொகுப்பு கைக்கு வந்துவிட்டது. 2006-இல் வெளியான பெரிய பெட்டி, யாரோ வைத்திருந்த பழையது. பதினோரு சீசனுக்கு 33 வட்டு, தொடருக்கு முன்னோடியான 1970 திரைப்படத்துக்கு ஒன்று, கூடுதல் சமாச்சாரங்களுக்கு இரண்டு, ஆக 36.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கொரியப் போர்முனைக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டு இயங்கும் அமெரிக்க ராணுவ மருத்துவமனை, அதன் டாக்டர்கள், நர்ஸுகள், பைத்தியம் பிடிக்காமல் இருக்க அவர்கள் அடிக்கும் கூத்து, இதுதான் கதை. சிபிஎஸ் சேனலில் 1972 முதல் 1983 வரை ஓடியது. போரே மூன்று வருடத்தில் முடிந்துவிட்டது, தொடர் பதினொரு வருடம் இழுத்தது.

இந்தப் பெட்டியை நான் தேடியதற்கு ஒரே காரணம், மெனுவில் மொழித் தேர்வுக்குள் இருக்கும் ஒரு வரி. சிரிப்பொலி இல்லாத தனி ஆடியோ ட்ராக். இந்தத் தொடர் பார்வையாளர்களை உட்காரவைத்து எடுத்தது கிடையாது. ஒரே கேமரா, சினிமா மாதிரி படப்பிடிப்பு. உருவாக்கிய லாரி கெல்பார்ட்டுக்குப் பதிவுச் சிரிப்பு பிடிக்கவே பிடிக்காது. நகைச்சுவைத் தொடர் என்றால் சிரிப்பொலி இருந்தே ஆக வேண்டும் என்று சேனல் நிர்வாகம் பிடிவாதமாக நின்றதால் சேர்த்தார்கள். எப்போதோ எதற்கோ யாரோ சிரித்ததை எடுத்து இதன்மேல் ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் பார்ப்பதுதான் முறை. மாற்றுக் கருத்து உண்டா?

ரேடார் ரசிகன்:
உண்டு. நீங்கள் பெட்டி பெட்டியாகச் சேர்ப்பது ஒரு தொலைக்காட்சித் தொடரையா, இல்லை கெல்பார்ட்டின் நிறைவேறாத ஆசையையா? 1972-இல் அமெரிக்காவில் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர் காதில் சிரிப்பும் சேர்ந்துதான் விழுந்தது. அதுதான் அன்றைக்கு ஒளிபரப்பான பண்டம். பழைய கோயில் சுவரில் பிற்காலத்தில் பூசிய சுண்ணாம்பைச் சுரண்டலாம். இங்கே சுவர் எழும்பும்போதே பூசியாகிவிட்டது.

வட்டுப்பெட்டி:
அமெரிக்கர்கள் காதில் விழுந்தது, சரி. பிரிட்டனில் பிபிசி இதே தொடரைச் சிரிப்பொலி இல்லாமல்தான் ஒளிபரப்பியது. அங்கே ஒரு தலைமுறையே அப்படிப் பார்த்து வளர்ந்திருக்கிறது. அப்போது அவர்கள் பார்த்தது என்ன, போலியா?

ரேடார் ரசிகன்:
போலி என்று சொல்லவில்லை ஐயா. வேறு ஒன்று என்கிறேன்.

நாலுக்குமூணு:
நடுவில் நுழைகிறேன், தொழில்நுட்ப விஷயம் ஒன்று. மேஷில் சிரிப்பை நீக்க முடிந்தது அது தனி அடுக்காக இருந்ததால்தான். வசனம், இசை, ஓசைகள் தனி, சிரிப்பு தனி. இதை எல்லாத் தொடருக்கும் எதிர்பார்க்காதீர்கள். 'ஐ லவ் லூசி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1951-இல் மூன்று கேமராக்களை வைத்து, எதிரில் நிஜ மனிதர்களை உட்காரவைத்து, 35 மி.மீ. பிலிமில் எடுத்தார்கள். பிலிமில் எடுத்ததால்தான் இன்றும் அந்தக் கறுப்பு வெள்ளை கண்ணாடி மாதிரி இருக்கிறது. அந்தச் சிரிப்பு வசனம் பேசிய அறையிலேயே விழுந்த சிரிப்பு. நாயகி லூசில் பால் முகத்தை ஒரு வினாடி அப்படியே நிறுத்திக் காத்திருப்பதே அந்தச் சத்தம் அடங்கத்தான். அதிலிருந்து சிரிப்பை எடுத்தால் நடிப்பில் பாதி போய்விடும்.

மேஷில் யாரும் காத்திருப்பதில்லை. காத்திருக்க எதிரில் ஆளே கிடையாது.

வட்டுப்பெட்டி:
நான் சொல்ல வந்ததையே சொல்லிவிட்டீர்கள். நாயகனாக நடித்த ஆலன் ஆல்டாவும் மற்றவர்களும் ஒருவர் வசனத்தின் வாலை ஒருவர் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். அந்த வேகத்தில் சிரிப்பு வந்து அடுத்த வரியின் தலையில் ஏறி உட்கார்கிறது. முதல் சீசனில் இது சகிக்கவில்லை. அந்தச் சிரிப்பும் எங்கிருந்து வந்தது தெரியுமா? சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் 1950-களில் செய்த பெட்டி. 'லாஃப் பாக்ஸ்' என்பார்கள். தட்டச்சுப் பொறி மாதிரி விசைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வகைச் சிரிப்பு, ஒலி ஏற்றி இறக்கக் காலடியில் ஒரு மிதி. உள்ளே சுற்றிச் சுற்றி ஓடும் ஒலிநாடாக்கள். அமெரிக்கத் தொடர்கள் எத்தனையோவற்றில் ஒரே கூட்டம்தான் திரும்பத் திரும்பச் சிரித்துக்கொண்டிருக்கிறது.

கம்பியில்லா:
நான் ஒன்று கேட்கலாமா? இந்தக் காலத்தில் 36 வட்டை வீட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு, சிரிப்பு எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று சண்டை. ஸ்ட்ரீமிங்கில் தெளிவான எச்டி தரத்தில் கிடைக்கிறதே. டிவிடி என்றால் 480 வரிதான். பெரிய திரையில் போட்டால் முகமெல்லாம் களிமண் மாதிரி தெரியும். பழைய பொருளின் மேல் உள்ள பாசத்தை ரசனை என்று சொல்லிக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான்.

ரேடார் ரசிகன்:
தம்பி, இதில் வட்டுப்பெட்டியும் நானும் ஒரே கட்சி. நான் பார்த்த ஸ்ட்ரீமிங்கில் அந்த இரண்டாவது ட்ராக் கிடையாது. அங்கே எனக்குப் பிடித்த சிரிப்பு ட்ராக்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், தேர்வு என் கையில் இருக்க வேண்டும்.

நாலுக்குமூணு:
கம்பியில்லா சொல்லும் எச்டியில் இன்னொரு வில்லங்கம். பழைய தொடர்கள் 4:3 சட்டத்துக்காக, அதாவது அகலம் நாலு, உயரம் மூணு என்ற பழைய டிவி திரைக்காக எடுத்தவை. அகலத் திரையை நிரப்ப மேலேயும் கீழேயும் நறுக்கிவிடுகிறார்கள். 2021-இல் 'சைன்ஃபெல்ட்' நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தபோது நடந்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? சாலைப் பள்ளத்தைப் பற்றியே ஒரு எபிசோட். அதில் ஜார்ஜ் பள்ளத்தைக் குனிந்து பார்த்துப் பேசும் காட்சியில் பள்ளம் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது! ஆள் வெறும் தார்ச்சாலையோடு மல்லுக்கு நிற்கிறார்.

கம்பியில்லா:
ஒரு பள்ளத்துக்காக அலமாரி வாங்கச் சொல்கிறீர்கள். வட்டு மட்டும் யோக்கியமா? 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி' கதையை நானும் படித்திருக்கிறேன். வானொலி நிலையம் பற்றிய தொடர், காட்சிக்குக் காட்சி நிஜ ராக் பாட்டு. டிவிடி போடும்போது பாடல் உரிமைக்குக் கட்டுப்படியாகவில்லை. 2007-இல் முதல் சீசன் வந்தபோது பல பாட்டைத் தூக்கிவிட்டு ஏதோ ஒரு இசையைப் போட்டு நிரப்பியிருந்தார்கள். காசு கொடுத்து வாங்கியவனுக்குக் கிடைத்ததும் அரைகுறைதானே?

வட்டுப்பெட்டி:
நியாயமான அடி. ஆனால் கதையை முழுசாகச் சொல்லுங்கள். 2014-இல் வேறு ஒரு நிறுவனம் பெரும்பாலான பாடல்களுக்கு உரிமை வாங்கி, அவற்றோடு முழுத் தொடரையும் டிவிடியில் கொண்டுவந்தது. அதை வாங்கி வைத்தவனிடம் அது இருக்கிறது. நாளைக்கு உரிமை ஒப்பந்தம் முடிந்தாலும் அலமாரியில் இருப்பதை யாரும் வந்து பிடுங்க மாட்டார்கள். ஸ்ட்ரீமிங்கில் ஒரு ராத்திரியில் மறைந்துவிடும், எங்கே போனது என்று கேட்கக்கூட ஆள் இருக்காது.

புதுவரவு:
மன்னிக்கவும், சின்னக் கேள்வி. நான் மேஷ் வாங்கலாம் என்று இருக்கிறேன். அமெரிக்கப் பதிப்பா, பிரிட்டிஷ் பதிப்பா?

நாலுக்குமூணு:
முதலில் உங்கள் பிளேயர் எந்த மண்டல வட்டை எடுக்கும் என்று பாருங்கள். அமெரிக்க டிவிடி மண்டலம் 1, பிரிட்டிஷ் டிவிடி மண்டலம் 2. இரண்டும் ஓடும் என்றால் அமெரிக்கப் பதிப்பு. பிலிமில் வினாடிக்கு 24 சட்டகம். பிரிட்டனில் புழங்கும் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறைக்கான வட்டில் அதை 25-ஆக ஓட்டிவிடுவது வழக்கம். 25 நிமிட எபிசோட் 24 நிமிடத்தில் முடியும், குரலும் கொஞ்சம் கீச்சென்று ஏறும். சிலருக்குத் தெரியவே தெரியாது. ஒரு தடவை தெரிந்துவிட்டால் அப்புறம் நிம்மதி போச்சு.

ரேடார் ரசிகன்:
சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். என் முக்கியமான வாதத்தை இன்னும் வைக்கவே இல்லை.

சேனலோடு போட்ட ஒப்பந்தத்தில் கெல்பார்ட் தரப்பு ஒரு விலக்கு வாங்கியது. அறுவைக் கூடத்துக்குள் காட்சி நடக்கும்போது சிரிப்பொலி வரக் கூடாது. இது என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கூடாரத்தில் கூத்தடிக்கிறார்கள், சிரிப்பு. சாப்பாட்டுக் கூடத்தில் கிண்டல், சிரிப்பு. ஹெலிகாப்டர் வருகிறது, கத்தியைக் கையில் எடுக்கிறார்கள். அதே ஆட்கள், அதே கிண்டல், சிரிக்க ஒருவரும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் வேறு உலகம் என்று காதுக்குத் தெரிந்துவிடுகிறது. நீங்கள் சிரிப்பை முழுக்க அணைத்துவிட்டால் இரண்டு உலகமும் ஒன்றாகிவிடும். சேனல் திணித்த விலங்கை வைத்தே அவர்கள் ஒரு வித்தை செய்தார்கள். நீங்கள் விலங்கோடு வித்தையையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறீர்கள்.

மூன்றாவது சீசனின் கடைசி எபிசோட், 'அபிசீனியா, ஹென்றி', 1975 மார்ச். இரண்டு ட்ராக்கிலும் ஒவ்வொரு முறை பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

வட்டுப்பெட்டி:
ஏற்கெனவே பார்த்ததுதான். ஆனால் சவால் விட்டபிறகு மறுபடி பார்க்காமல் இருக்க முடியுமா? நாளைக்கு வருகிறேன்.

வட்டுப்பெட்டி:
பார்த்துவிட்டேன். முதலில் சிரிப்பில்லாமல், ஒரு மணி நேரம் கழித்துச் சிரிப்போடு.

கதை இதுதான்: முகாமின் தலைவர் கர்னல் ஹென்றி பிளேக்குக்குப் பணி முடிந்து வீட்டுக்குப் போக உத்தரவு வருகிறது. எல்லாரும் வழியனுப்புகிறார்கள். சிப்பாய் கிளிங்கர் வழக்கம்போலப் பெண் உடையில், தலையில் பழங்களை அடுக்கிக்கொண்டு நிற்கிறார். கிளம்பும் நேரத்தில் முகாமின் எழுத்தரான ரேடார் என்ற இளைஞன் சல்யூட் அடிப்பதைப் பார்த்த ஹென்றி, திரும்பி ஓடி வந்து அந்தப் பையனைக் கட்டிக்கொள்கிறார். அப்புறம் அறுவைக் கூடம். ரேடார் முகக்கவசம்கூடப் போடாமல் உள்ளே வருகிறான். கவசம் போடு என்று அதட்டல். அவன் கையில் இருக்கும் தாளைப் படிக்கிறான். ஹென்றி போன விமானத்தை ஜப்பான் கடலுக்கு மேலே சுட்டு வீழ்த்திவிட்டார்கள், யாரும் பிழைக்கவில்லை. எவரும் பேசவில்லை. எங்கேயோ ஒரு கருவி தரையில் விழும் சத்தம் மட்டும்.

சிரிப்பில்லாமல் பார்த்தபோது இந்த எபிசோட் ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் துயரமாக இருந்தது. ஏதோ நடக்கப்போகிறது என்று மனம் தயாராகிவிட்டது. சிரிப்போடு பார்த்தபோது கடைசி வரை சாதாரணப் பிரிவுபசார விழா. அதனால் அந்தக் கருவி விழுந்த சத்தம், ரேடார் ரசிகன் சொன்ன மாதிரியே, வேறு மாதிரி விழுந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இந்த ஒரு எபிசோடுக்குத்தான். மற்ற 255-க்கும் என் பொத்தான் எனக்கு.

புதுவரவு:
அவர் சாகப்போவது எனக்குத் தெரியாது. நன்றி.

ரேடார் ரசிகன்:
அடடா. 1975-இல் போனவருக்கு இன்றைக்குத் துக்கம் விசாரிக்க வேண்டியதாகிவிட்டது. மன்னிக்கவும் நண்பரே. நடிகர்களிடமே அந்தக் கடைசிப் பக்கத்தைப் படப்பிடிப்புக்குச் சற்று முன்புதான் கொடுத்தார்களாம், அந்த வகையில் உங்களுக்குக் கொஞ்சம் சீக்கிரமே தெரிந்துவிட்டது.

வட்டுப்பெட்டி, 255 என்று சொல்லாதீர்கள். பின் சீசன்களில் சிரிப்பைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போனார்கள். சில எபிசோடுகளில் அறவே கிடையாது. கடைசி எபிசோடிலும் கிடையாது, அதைப் பத்துக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். அங்கெல்லாம் உங்கள் பொத்தானுக்கு வேலையே இல்லை.

வட்டுப்பெட்டி:
அது வாஸ்தவம்.

எல்லா வட்டையும் வரிசையாக ஓட்டிப் பார்த்ததில் வேறு ஒரு தலைவலி. நான்காவது சீசனின் மூன்றாவது வட்டு ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடு ஓட்டையைச் சுற்றி மயிரிழை போல ஒரு விரிசல். பெட்டியின் பிடிப்பு அவ்வளவு இறுக்கம், முன்னால் வைத்திருந்தவர் வட்டை வளைத்து வளைத்து எடுத்திருக்க வேண்டும். விற்றவர் 'ஒரு கீறல்கூட இல்லை' என்றுதான் எழுதியிருந்தார். கீறல் இல்லைதான்.

நாலுக்குமூணு:
விரிசல் விட்ட வட்டைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். சுழலும் வேகத்தில் விரிசல் பெரிதாகும், உள்ளேயே உடைந்தால் பிளேயரும் போச்சு. இனி எடுக்கும்போது நடுவில் உள்ள குமிழை அழுத்தினால் வட்டு தானாக மேலே எழும்பும். ஓரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள்.

கம்பியில்லா:
ஸ்ட்ரீமிங்கில் விரிசல் விடாது என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ரேடார் ரசிகன்:
வட்டுப்பெட்டி, பெட்டி வாங்குவதற்கு முன்னால் நான் தனித்தனி சீசனாகச் சேர்த்தவன். சீசன் 4 என்னிடம் இரண்டு இருக்கிறது. ஒன்றை அனுப்பி வைக்கிறேன், காசு வேண்டாம். ஒரே நிபந்தனை: நின்றுபோன எபிசோடைச் சிரிப்பொலியோடுதான் பார்க்க வேண்டும். எந்த எபிசோட் அது?

வட்டுப்பெட்டி:
'தி இன்டர்வியூ'. செய்தியாளர் ஒருவர் முகாமுக்கு வந்து ஒவ்வொருவரையும் பேட்டி எடுப்பாரே, கறுப்பு வெள்ளையில்.

ரேடார் ரசிகன்:
அதில் சிரிப்பொலியே கிடையாதே!

வட்டுப்பெட்டி:
தெரியும். நிபந்தனைக்குச் சம்மதம். முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.