டிரம்மில் இருப்பது என்னவென்று தெரியாமல் நின்ற அனுபவம் உண்டா?

பீன்யா ஸ்டோர்ஸ், பெங்களூரு

நாலு வருஷம் ஆச்சு, அந்த போன் இன்னும் காதில் கேட்கிறது. எங்களுடையது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க் செய்யும் ஷெட். வெல்டிங் முடிந்ததும் ஜாயின்ட் கறுத்துப் போகும், அதை வெளுக்கப் பிக்ளிங் திரவம் தேய்ப்போம். ஷெட்டில் அதற்குப் பேர் 'வெளுப்புத் தண்ணி'. ஸ்டோரில் கேட்பது, ரிஜிஸ்டரில் எழுதுவது, எடுத்துக் கொடுப்பது எல்லாம் அந்தப் பேரில்தான்.

கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தம்பி ஒருவன் போட்டிருந்த கிளவுஸில் சின்ன ஓட்டை. சாயங்காலம் கையைக் கழுவிவிட்டு ரூமுக்குப் போய்விட்டான். அப்போது எரிச்சல்கூட இல்லையாம். ராத்திரி 11 மணிக்கு ஆள்காட்டி விரல் நுனியில் வலி. தோலில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஆனால் சுவரில் தலையை முட்டிக்கொள்கிறான் என்று ரூம் பையன்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். டூட்டி டாக்டர் எனக்குப் போன் போட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: என்ன கெமிக்கல்? "வெல்டிங் வெளுக்கிற தண்ணி சார்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

பைக்கில் ஷெட்டுக்கு ஓடி, டிரம்மைச் சுற்றி டார்ச் அடித்தேன். லேபிளில் பாதி ஆசிட் பட்டே அழிந்திருந்தது. மிச்சம் ஒரு நம்பரும் ஒரு தேதியும். டேட்டா ஷீட், அதாவது கெமிக்கலின் பேர், ஆபத்து, முதலுதவி எல்லாம் எழுதிய சப்ளையர் தாள், இல்லாமல் இல்லை, ஆபீஸ் பீரோவில் இருந்தது. சாவி மேனேஜர் வீட்டில். அவர் வந்து திறக்கும்போது மணி 12.40. 'ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட்' என்று நான் எழுத்துக் கூட்டிப் படித்த பிறகுதான் டாக்டர் அந்த ஆசிட்டுக்கு மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட்டைத் தொட்டார். அதுவரை அவன் துடித்த துடிப்புக்கு நான்தான் காரணம் என்று இன்றும் தோன்றுகிறது.

ஷெட்டுக்கு முறையாக ஓர் ஏற்பாடு செய்யப் பார்க்கிறேன். உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

தாராவி அக்கா, மும்பை

படிக்கும்போதே நெஞ்சு அடைக்குது தம்பி. நான் ஹவுஸ்கீப்பிங் சூபர்வைசர். எங்களுக்கு வருவதெல்லாம் அஞ்சு லிட்டர் கேன், ஊற்றிக் கொடுப்பது பழைய பாட்டில். லேபிள் கேனோடு நின்றுவிடும், பாட்டிலுக்கு வராது.

புதிதாக வந்த பெண் கக்கூஸுக்கு ஆசிட் ஊற்றி, கறை போகவில்லை என்று அது மேலேயே பிளீச் ஊற்றிவிட்டாள். கதவு சாத்தியிருந்தது. நான் திறந்தபோது சுவரைப் பிடித்தபடி இருமிக்கொண்டிருந்தாள், கண்ணைத் திறக்க முடியவில்லை. வெளியே இழுத்து வந்து ஜன்னலோரம் உட்காரவைத்தேன். "அக்கா, ரெண்டும் சுத்தம் பண்றதுதானே?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் முந்தின நாளே பதில் சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாளே ஆசிட் பாட்டில் கழுத்தில் சிவப்பு நூல், பிளீச்சுக்கு வெள்ளை நூல் கட்டினேன். சிவப்பும் வெள்ளையும் ஒரே இடத்தில் சேரக்கூடாது, சேர்ந்தால் விஷ வாயு வரும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இது புரிகிறது.

வஜீர்பூர் சேஃப்டி, டெல்லி

அக்கா சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நூல் அவிழும், நனையும், அடுத்த வாரம் வருகிற ஆளுக்கு அர்த்தம் தெரியாது. பீன்யா தம்பிக்கும் சொல்கிறேன், அந்தப் பையன் கையைக் கழுவிவிட்டுச் சும்மா போனதும் தப்பு.

என் அனுபவம் சின்னது. இங்கே ஸ்டீல் பிக்ளிங் செய்யும் சந்தில் ஒரு பெரியவர் டிரம் மூடியைத் திறந்து, மோந்து பார்த்து, "இது நைட்ரிக், அது கந்தக ஆசிட்" என்று எனக்குக் காட்டினார். அதுதான் அவருக்குத் தெரிந்த லேபிள்.

இப்போது ஏற்பாட்டுக்கு வருவோம். முதலில் நோட்டும் பேனாவுமாக ஷெட்டைச் சுற்றி நடங்கள். ஸ்டோரை மட்டும் பார்த்தால் போதாது. மெஷினுக்கு அடியில் இருக்கும் தின்னர் டப்பா, பாத்ரூம் ஆசிட், ஜெனரேட்டர் டீசல் எல்லாம் பட்டியலில் ஏற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சப்ளையரிடம் டேட்டா ஷீட் கேளுங்கள், உரிமையோடு கேளுங்கள். 1989-ல் வந்த அபாயகர ரசாயன விதிகளில் ஷீட்டுக்கென்றே 9-வது அட்டவணை இருக்கிறது. டப்பாவில் உள்ளே இருப்பது என்ன என்று தெளிவாக லேபிள் ஒட்ட வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. போபாலில் 1984-ல் எந்த வாயுவுக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்று தெரியாமல் டாக்டர்கள் தவித்தார்கள். அதற்குப் பிறகு, 1987-ல்தான் தொழிற்சாலைச் சட்டத்தில் 41பி பிரிவு சேர்ந்தது: ஆபத்து என்ன, தப்பிக்க வழி என்ன என்று தொழிலாளிக்கு முதலாளி சொல்லியே ஆக வேண்டும் என்றது அது.

ஐ.நா.வின் ஜிஎச்எஸ், அதாவது ரசாயன ஆபத்தை வகைப்படுத்தி லேபிள் போடும் உலகப் பொது முறை, அதன்படி வரும் ஷீட்டில் 16 பகுதி இருக்கும். 2-வது பகுதி ஆபத்து, 4-வது முதலுதவி, 8-வது கிளவுஸ், மாஸ்க். தொழிலாளிக்கு இந்த மூன்றையும் காட்டிக்கொடுங்கள். ஃபைலைப் பீரோவில் வைக்காதீர்கள், வேலை நடக்கும் இடத்தில் ஆணியில் மாட்டுங்கள். பாட்டிலுக்கு மாற்றினால் பாட்டிலுக்கும் லேபிள் வேண்டும், அதில் விதிவிலக்கே கிடையாது.

தாராவி அக்கா, மும்பை

நூல் மட்டும் போதும் என்று நான் எங்கே சொன்னேன் சார்? லேபிளும் ஒட்டியிருக்கிறேன். என் பத்துப் பேரில் நாலு பேருக்கு எந்த எழுத்தும் தெரியாது, அவர்கள் கை நூலைத்தான் தேடுகிறது. புதிதாக வருகிறவளுக்கு முதல் வேலையே நூலைக் காட்டிச் சொல்லித் தருவதுதான். அப்புறம், அந்தப் பையன் மேல் தப்பு சொல்லாதீர்கள். கழுவினால் போதாது என்று அவனுக்கு யார் சொன்னது?

பொம்மசந்திரா டிரெய்னர், பெங்களூரு

சண்டை வேண்டாம், ஒன்று சொல்கிறேன். லேபிளில் ஆபத்தைக் காட்டும் ஜிஎச்எஸ் படங்கள் ஒன்பதையும் சிவப்புக் கட்டத்தோடு பெரிதாக அச்சடித்து வகுப்பு எடுத்தேன். மனிதன் நெஞ்சில் வெடிப்பு போட்ட படம், புற்றுநோய் மாதிரி நாள்பட்ட கெடுதலுக்கானது. அதைக் காட்டி என்ன புரிகிறது என்று கேட்டதற்கு ஒரு பெரியம்மா, "நெஞ்சில் நட்சத்திரம் இருக்கு, உடம்புக்கு நல்லதுன்னு போட்டிருக்காங்க" என்றார். அவர் பதினொரு வருஷமாக அந்தப் படம் ஒட்டிய டிரம்மிலிருந்து மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தவர். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. படத்தை ஒட்டுவதற்கு முன்னால் அவர்களிடம் கேளுங்கள்.

பீன்யா ஸ்டோர்ஸ், பெங்களூரு

வஜீர்பூர் சார், அவனுக்கு நாங்கள் எதுவுமே சொல்லித் தரவில்லை. அக்கா சொன்னதுதான் சரி. ஆனால் உங்கள் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டேன், நன்றி.

கேட்டவர்களுக்கு: விரல் தப்பித்தது, நகம் போய் முளைத்தது. இப்போது சேலத்தில் வேலை செய்கிறான். டிரம்மில் 'ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் கலந்தது' என்று பெரிதாக, அதற்குக் கீழே 'வெளுப்புத் தண்ணி' என்றும் எழுதினேன். ஷெட்டில் கூப்பிடும் பேரை மாற்ற முடியாது, அதனால் இரண்டையும் சேர்த்தேன். பக்கத்துச் சுவரில் குளுக்கோனேட் ஜெல். தமிழ், கன்னடம், இந்தி மூன்றிலும் ஆயிற்று. ஆறு பேர் ஒடிசாக்காரர்கள். ஒடியாவில் நாலு வரி எழுதித் தரக்கூடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?