சூளை தெரு குரூப்: பட்டறைப் பசங்க

கீதா: கோடி வீட்டு மாடியில பேக் தைக்கிற பட்டறை இருக்குல்ல, அங்க சின்னப் பசங்க இருக்காங்க. பத்து, பன்னிரண்டு வயசுதான் இருக்கும். மொட்டைமாடியில துணி காயப்போடும்போது பார்த்தேன். ஒருத்தனுக்கு விரல் பூரா சொல்யூஷன் ஒட்டித் தோல் உரிஞ்சு கிடக்கு. ராத்திரி 11 மணிக்கும் மிஷின் சத்தம் கேக்குது.

பாலாஜி: போட்டோ இருந்தா போடுங்கக்கா, எல்லா குரூப்லயும் ஷேர் பண்ணிடலாம்.

விஜயா டீச்சர்: வேண்டாம்பா. ஓனர் கண்ணுல பட்டா ராவோட ராவா பசங்கள வேற இடத்துக்கு மாத்திடுவான். பிள்ளைங்க முகம், பேர் வெளியிடறது சட்டப்படியும் தப்பு. கீதா, குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடிம்மா. காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பாங்க. மாடி, வாசல், எப்ப ஆள் இருப்பாங்க எல்லாம் விவரமா சொல்லு.

சேகர்: ஊர்ல கஞ்சிக்கு வழியில்லாம வந்திருக்கும். சம்பாதிச்சு அனுப்பட்டுமே டீச்சர், நமக்கெதுக்கு வம்பு?

விஜயா டீச்சர்: எங்க சேகர் அனுப்புது? அப்பன்கிட்ட ஏஜென்ட் அட்வான்ஸ் கொடுத்துட்டு, அதைக் கழிக்கிறேன்னு புள்ளையை உக்கார வெச்சிருப்பான். அதுக்குப் பேர் கொத்தடிமை. 1976லயே ஒழிச்சாச்சு. 14 வயசுக்குக் கீழ பட்டறையில வேலை வாங்கவே கூடாது.

கீதா: பேசிட்டேன் டீச்சர். எல்லாம் எழுதிக்கிட்டாங்க.

(இரண்டு நாள் கழித்து)

கீதா: போலீஸ், அதிகாரிங்க எல்லாம் வந்து பசங்கள இறக்கிட்டாங்க. வேன்ல ஏறும்போது ஒருத்தன், "முதலாளி அடிப்பாரா?"ன்னு இந்தியில கேட்டுக்கிட்டே இருந்தான். தாங்க முடியல.

பாலாஜி: இனி ஊருக்கு ரயில் ஏத்திடுவாங்களா?

விஜயா டீச்சர்: முதல்ல 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைகள் நலக் குழு முன்னாடி நிறுத்தணும். வீட்டை விசாரிச்சு, பாதுகாப்புன்னு தெரிஞ்சாதான் அனுப்பணும். சும்மா அனுப்பினா அதே ஏஜென்ட் அதே கடனைச் சொல்லி வாசல்ல வந்து நிப்பான். கொத்தடிமையிலருந்து விடுவிச்சாச்சுன்னு அரசு தர்ற விடுதலைச் சான்றிதழ் கையில இருந்தா அந்தக் கடன் செல்லாதுன்னு சொல்லலாம். கட்டாய வேலையிலருந்து மீட்ட குழந்தைக்கு 2 லட்சம் ரூபாய் மறுவாழ்வுத் தொகை உண்டு. ஆனா முழுசா வர, கேஸ்ல தண்டனை ஆகணும். சாட்சி இல்லாம அது நடக்காது.

சேகர்: கோர்ட்டுக்கெல்லாம் யார் அலையறது?

கீதா: நான் போறேன். பார்த்ததைச் சொல்ல என்ன பயம்?

பாலாஜி: எங்க கடை கேமராவுல பட்டறை வாசல் தெரியும். பசங்க ராத்திரி தண்ணி கேன் தூக்கிட்டுப் போறது இருக்கும். அழியறதுக்குள்ள எடுத்து வெக்கறேன்.

விஜயா டீச்சர்: இன்னிக்கே எடு பாலாஜி. இங்க போடாம நேரா விசாரிக்கிற அதிகாரிகிட்ட கொடு.