பொருள்: துகள் தெறிப்பு – நீரடிப் படங்களில் விழும் வெண்புள்ளிகளுக்குப் பெயர்

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

நீரடிப் படங்களில் வெண்புள்ளிகள் விழும் ‘பேக்ஸ்கேட்டர்’ குறையைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற என் கேள்விக்கு இத்தனை பேர் மெனக்கெட்டுப் பதில் எழுதியதற்கு முதலில் நன்றி. எல்லா மடல்களையும் அச்செடுத்துக் குழுவின் மாதக் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். அங்கே எழுந்த பேச்சையும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

இழையில் இப்போதுதான் சேர்ந்தவர்களுக்காக: புதுச்சேரியில் கடலடியில் படம் எடுக்கும் சிலர் சேர்ந்து ஒரு சிறு குழு நடத்துகிறோம். மாதம் ஒருமுறை கூடி ஒருவர் படத்தை மற்றவர்கள் அலசுவோம். கடல் கலங்கிக் கிடக்கும் மாதங்களில் நீச்சல்குளத்தில் பயிற்சி. தண்ணீர் தெளிந்ததும் ஒருநாள் போட்டி: காலையில் எல்லோரும் ஒரே பகுதியில் இறங்க வேண்டும், மாலையில் எடுத்த படத்தைத் திருத்தாமல் திரையில் காட்ட வேண்டும். இந்த முறையை நாங்கள் பிரிட்டனின் நீரடி ஒளிப்படச் சங்கத்திடமிருந்து எடுத்துக்கொண்டோம். 1967-இல் காலின் டோக், பீட்டர் ஸ்கூன்ஸ் இருவரும் தொடங்கிய சங்கம் அது. பிலிம் காலத்திலேயே ஒரே நாளில் எடுத்து, கழுவி, அன்றே காட்டும் போட்டியை நடத்தியவர்கள்.

இந்த ஆண்டு போட்டிக்கு மதிப்பெண் தாளைத் தமிழில் அடிக்கிறோம். புதிதாகச் சேர்ந்தவர்களில் பலர் பக்கத்து மீனவக் குப்பங்களைச் சேர்ந்த பிள்ளைகள். கடலை எங்களைவிட நன்றாக அறிந்தவர்கள். படத்தில் என்ன குறை என்று அவர்களிடம் சொல்லும்போது மட்டும் ஆங்கிலத்துக்குத் தாவுவது எனக்குப் பிடிக்கவில்லை. தாளில் மற்ற வரிகளுக்கெல்லாம் தமிழ் எளிதாகக் கிடைத்துவிட்டது. ‘பேக்ஸ்கேட்டர்’ ஒன்றுதான் இடறுகிறது. குறைகளிலேயே அடிக்கடி வருவதும் அதுதான்.

அது என்ன என்பதில் நம் குழுமத்திலேயே கொஞ்சம் குழப்பம் இருந்ததால் விரிவாகச் சொல்கிறேன். தண்ணீர் முதலில் சிவப்பை விழுங்கிவிடும். சில மீட்டர் இறங்கினாலே செம்மீனும் சாம்பலாகத்தான் தெரியும். நிறம் வேண்டுமென்றால் வெளிச்சத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும், அதற்குத்தான் பிளாஷ். அந்தப் பிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்தால், லென்ஸுக்கும் மீனுக்கும் இடையில் உள்ள தண்ணீர் முழுவதும் வெளிச்சமாகிவிடும். அதில் மிதக்கும் மணல், மிதவையுயிர், பாசித்துண்டு எல்லாம் பளிச்சென்று திரும்பி அடிக்கும். மீன் 1 மீட்டர் தொலைவில், துகள் 10 செ.மீ. தொலைவில் என்று வையுங்கள். தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப வெளிச்சம் குறையும் கணக்குப்படி, துகளின் மேல் மீனைவிட 100 மடங்கு வெளிச்சம் விழும். துகள் ஃபோகஸிலும் இருக்காது. அதனால் புள்ளியாக இல்லாமல் வெள்ளை வட்டமாக ஊதிப்போய்ப் படத்தில் நிற்கும். ஊட்டி மலைப்பாதையில் மூடுபனிக்குள் ஹை பீம் போட்டு ஓட்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனி ஒவ்வொரு பரிந்துரையாக.

> இயற்பியலில் ஏற்கெனவே ‘பின்சிதறல்’ இருக்கிறது. இன்னொரு சொல் எதற்கு?

தூத்துக்குடி ஐயா எழுதியது. நியாயமான கேள்வி. இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிது புனையக் கூடாது என்பதில் நானும் ஐயா பக்கம்தான். ஆனால் இங்கே இரண்டு தடை இருக்கிறது.

முதலாவது, பொருள். கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்ற கேள்வி 1921-இல் கப்பலில் போன சி.வி. ராமனைப் பிடித்துக்கொண்டது நமக்குத் தெரியும். வானத்தின் நீலம் தண்ணீரில் தெரிவதுதான் காரணம் என்று அதுவரை சொல்லிவந்தார்கள். நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் காட்டினார். தமிழில் ‘ஒளிச்சிதறல்’ என்றதும் படித்தவர்களுக்கு நினைவுக்கு வருவது அந்த வேலைதான். நீரடிப் படத்தில் பின்னணி நீலமாக அமைவதில் அந்தச் சிதறலுக்குப் பங்கு உண்டு. அது எங்களுக்கு வேண்டிய ஒன்று. வெள்ளை வட்டங்களோ கண்ணுக்குத் தெரியும் அளவுள்ள துகள்கள் செய்யும் வேலை, எங்களுக்கு வேண்டாதது. ஒரே மதிப்பெண் தாளில் ஒரு சிதறலுக்குப் பாராட்டும் இன்னொரு சிதறலுக்குக் குறைப்பும் என்றால் பிள்ளைகள் தடுமாறுவார்கள்.

இரண்டாவது, காது. ‘பின்’ என்றதும் மீனுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று நினைத்துப் பின்னணியைப் பார்க்கிறார்கள். குறை இருப்பதோ மீனுக்கு முன்னால். போதாததற்குக் காலில் மாட்டும் நீச்சல் துடுப்புக்குப் பெயர் ஃபின். படகில் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே ‘பின்’னும் ‘ஃபின்’னும் ஒன்றாகத்தான் கேட்கும். நீச்சல்குளப் பயிற்சியில் ‘பின்சிதறல் பாரு’ என்று சொன்னபோது ஒரு பையன் தன் காலைத் திரும்பிப் பார்த்தான்.

ஆகவே, ரேடாருக்கும் மருத்துவ ஒலியலைக் கருவிக்கும் பின்சிதறல் அப்படியே இருக்கட்டும். படத்தில் விழும் குறைக்குத் தனிப்பெயர் வைப்போம்.

> ‘கடற்பனி’ அழகாக இருக்கிறதே?

அழகுதான். ஆனால் அந்தப் பெயருக்கு வேறு உரிமையாளர் இருக்கிறார். மேல்மட்டத்தில் செத்த மிதவையுயிர்களும் கழிவும் திரண்டு சிறு திட்டுகளாக ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே இருக்கும், ஆழ்கடல் உயிர்கள் பல அதை நம்பித்தான் வாழ்கின்றன. அதைக் கடலியலில் கடற்பனி என்கிறார்கள். கேமரா இல்லாவிட்டாலும் அது விழும். நம்முடையது பிளாஷ் அடித்தால்தான் பிறக்கும்.

> மீனவர்கள் சொல்லும் ‘கலங்கல்’ போதாதா?

போதாது. கலங்கல் தண்ணீரின் நிலை. கலங்கலில் இந்தக் குறை அதிகம் வரும், சரி. ஆனால் மன்னார் வளைகுடாவில் தண்ணீர் நன்றாகத் தெளிந்திருக்கும் நாளில்கூடப் பிளாஷைக் கேமரா தலையிலேயே வைத்து அடித்தால் வரத்தான் செய்யும். ‘கலங்கல்’ என்று எழுதினால் பழி கடலின் மேல் போய்விடும். படம் எடுத்தவர் அடுத்த முறை எதையும் மாற்ற மாட்டார். கடலுக்கு ‘கலங்கல்’, படத்துக்கு வேறு சொல் என்று பிரித்தால்தான் இரண்டையும் சேர்த்துப் பேச முடியும்: ‘இன்னைக்குக் கலங்கல் அதிகம், ஆனாலும் உன் படத்துல அது இல்ல.’

‘இரைச்சல்’, ‘ஒளித்தூசு’ என்ற மற்ற இரண்டு பரிந்துரைகளையும் சட்டென்று முடித்துவிடலாம். இரைச்சல் சென்சாரின் குறைக்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ஒளித்தூசு, லென்ஸில் ஒட்டிய தூசு என்று படுகிறது. துடைத்தால் போய்விடும் என்று நினைப்பார்கள்.

இப்போது என் பரிந்துரைக்கு வருகிறேன். கூட்டத்தில் ஒரு கணவாய்ப் படத்தைத் திரையில் போட்டோம். நல்ல படம். முன் கைகள் இரண்டையும் உயர்த்திக்கொண்டு நிற்கிறது. நெளிந்த கீற்றாக இருக்கும் கண்மணி துல்லியம். தோலில் ஓடும் வரிகள்கூடத் தெரிகின்றன. ஆனால் கைகளுக்கு மேலே இருந்த நீலம் முழுக்க வெள்ளை வட்டங்கள், ஒன்று கண்ணின் மேலேயே. இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் குப்பத்துப் பெண் ஒருத்தி ‘படம் பூரா தெறிச்சிருக்கு’ என்றாள். அறையில் யாரும் அதற்கு விளக்கம் கேட்கவில்லை.

அப்புறம்தான் திருகோணமலை அக்காவின் மடல் நினைவுக்கு வந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல் ‘எதிரொளிப்பு’ என்பதை இலங்கைப் பாடநூல் ‘ஒளித்தெறிப்பு’ என்கிறது என்றும், இங்கே ‘ஒளிவிலகல்’ அங்கே ‘ஒளிமுறிவு’ என்றும் எழுதியிருந்தார். அவர் அதைச் சொன்னது வேறு பேச்சில், தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிவதைப் பற்றி. ஆனால் அந்தத் தெறிப்பு நமக்கு இங்கே அப்படியே உதவுகிறது. இந்தக் கரையில் ‘தெறித்தல்’ என்றால் துளித்துளியாகச் சிதறி விழுவது. படம் பார்க்க அப்படித்தான் இருக்கிறது. அந்தக் கரையில் ‘தெறிப்பு’ என்றால் ஒளி பட்டுத் திரும்புவது, காரணமும் அதுவேதான். எது தெறிக்கிறது என்று முன்னால் சொல்லிவிட்டால் முடிந்தது: துகள் தெறிப்பு.

வினையாகவும் ஓடுகிறது. ‘தெறிச்சிருச்சு’, ‘தெறிக்காம எடு’, ‘தெறிப்பில்லாத படம்’. கணினியில் புள்ளிகளை அழிப்பது ‘தெறிப்பு நீக்கம்’. பின்சிதறலை வைத்துக்கொண்டு ‘பின்சிதறாம எடு’ என்று யாரும் சொல்லப்போவதில்லை. படகில் சொல்ல முடியாத கலைச்சொல் தாளிலேயே தங்கிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

கூட்டத்தில் வந்த தடைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். இன்றைக்கு இளைஞர்கள் ‘தெறி’ என்றால் பாராட்டு என்று ஒருவர் சொன்னார். அது ‘தெறி’, பெயரடையாக வருகிறது. ‘துகள் தெறிப்பு 5-க்கு 2’ என்று தாளில் பார்த்தால் யாரும் பாராட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இன்னொன்று புணர்ச்சி. துகளும் தெறிப்பும் சேர்ந்தால் ‘துகட்டெறிப்பு’ ஆக வேண்டும் என்று இலக்கணம் தெரிந்தவர்கள் எழுதுவீர்கள், எதிர்பார்க்கிறேன். விதி சரி. ஆனால் துகள் என்ற சொல் கண்ணுக்குத் தெரியாமல் போனால் பெயரின் பாதி வேலை போய்விடும். முள் தாள் (முள்ளுள்ள தண்டு) ‘முட்டாள்’ ஆவது பழைய இலக்கியத்தில் பழகிய சொல், இது பழக வேண்டிய சொல். இடைவெளி விட்டு ‘துகள் தெறிப்பு’ என்றே எழுதலாம் என்பது என் நிலை. இதில் மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

தூத்துக்குடி ஐயா இன்னொன்றும் கேட்டிருந்தார்: பெயர் தெரிந்ததால் படம் எடுப்பவனுக்கு என்ன பயன்? பயன் இருக்கிறது. துகள் தெறிப்பு என்றால் துகளையும் தெறிப்பையும் தனித்தனியாகக் கவனிக்கலாம். துகளைக் குறைக்க: மணல் மேல் காலை அடிக்காதே, மிதப்பைக் கட்டுப்படுத்து, மீனுக்கு ஒரு கை தூரத்துக்குள் போ. இடையில் தண்ணீர் குறைந்தால் துகளும் குறையும். தெறிப்பைக் குறைக்க: பிளாஷைத் தாங்கும் கைகளை விரி, பிளாஷைக் கேமராப் பெட்டியின் முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இழு, விளக்கை லேசாக வெளிப்பக்கம் திருப்பு. ஒளிக்கூம்பின் ஓரம் மட்டும் மீனைத் தொட வேண்டும், லென்ஸுக்கு நேர் முன்னால் உள்ள தண்ணீர் இருட்டாகவே இருக்க வேண்டும். 1926-இல் ஃபுளோரிடாவின் டிரை டார்ட்டுகாஸ் தீவுகளில் மீனியல் அறிஞர் லாங்லியும் ‘நேஷனல் ஜியோகிராபிக்’ ஒளிப்படக்காரர் மார்ட்டினும் முதல் நீரடி வண்ணப்படங்களை எடுத்தபோது மக்னீசியப் பொடியைத் தண்ணீருக்கு மேலே தெப்பத்தில் வைத்துக் கொளுத்தினார்கள். ஆபத்தான வேலை, லாங்லிக்குத் தீக்காயமும் பட்டது. ஆனால் வெளிச்சம் மேலிருந்து வந்தது, லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து அல்ல. இன்றைக்கு நாங்கள் கைகளை விரித்து வைப்பதும் அதே நோக்கத்துக்குத்தான். சிறு கேமராவில் பிளாஷ் லென்ஸை ஒட்டியே இருப்பதால்தான் தொடக்கக்காரர்கள் படம் அதிகம் தெறிக்கிறது.

தாளில் வரும் மற்ற சொற்கள்: பிளாஷ் பிளாஷாகவே இருக்கும், அது தமிழாகிவிட்டது. அதைத் தாங்கும் நீட்டுக்குக் ‘கை’. கேமராவைப் போடும் பெட்டிக்கு ‘நீர்க்காப்புப் பெட்டி’. பாறைத்திட்டுக்கு மன்னார் வளைகுடாவின் ‘பார்’. முத்துக் குளித்தவர்கள் வைத்த பெயர், எங்கள் பிள்ளைகளும் இப்போது ‘இன்னைக்கு எந்தப் பார்?’ என்றுதான் கேட்கிறார்கள். இவற்றில் யாருக்கும் மறுப்பு வராது என்று நம்புகிறேன்.

மீதி இருப்பது ஒன்று. பிளாஷின் வாயில் மாட்டி வெளிச்சத்தைக் குறுக்கும் ‘ஸ்னூட்’. சிறு இறாலையோ நத்தையையோ மட்டும் வெளிச்சமாக்கிச் சுற்றிலும் கறுப்பாக விடுவதற்கு அதைப் பயன்படுத்துகிறோம். வெளிச்சம் அகலமாகப் பரவாததால் தெறிப்பும் நன்றாகக் குறையும். ‘ஒளிக்குவிப்பி’ என்று ஒரு மடல் வந்திருக்கிறது. ஆனால் அது வெளிச்சத்தைக் குவிப்பதில்லை, ஓரத்தை மறைக்கிறது, அவ்வளவுதான். எங்கள் குழுவின் முதல் ஸ்னூட் டீசல் ஊற்றும் பிளாஸ்டிக் புனலை வெட்டிச் செய்தது. அதனால் படகில் எல்லோரும் அதைப் ‘புனல்’ என்கிறார்கள். அதையே வைத்துக்கொள்ளலாமா, அல்லது ‘ஒளிப்புனல்’ என்று நீட்ட வேண்டுமா? திருகோணமலை அக்கா, உங்கள் பக்கம் எண்ணெய் ஊற்றுவதற்குப் புனல் என்றுதான் சொல்வீர்களா?

தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் எழுதினால் சேர்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து